தேரி வண்டியில் ஒரு பித்தளைத் தகடு

அவன் செஞ்சது துரோகம். அதுக்கு வேற பேர் கிடையாது. பாதியில கையை உதறிட்டுப் போனவனை வேற எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க. வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம். நீங்க கடற்கரைக்காரர், அவனுக்குத்தான் பரிஞ்சு பேசுவீங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

உட்காருங்க தம்பி. அந்த ட்ரம் மேல வேண்டாம், வேட்டியில துரு ஒட்டும். இந்த பேட்டரிப் பெட்டி மேல உட்காருங்க. கிடங்குச் சாவி வச்சிருக்கிறவர் சாப்பிடப் போயிருக்கார். வந்ததும் நீங்க கேட்ட ப்ரொப்பெல்லரை எடுத்துத் தரச் சொல்றேன். உடன்குடியில பழைய இரும்புன்னா சுயம்பு கடைதான். எவன்கிட்ட வேணும்னாலும் கேளுங்க, வழியும் காட்டுவான், கூடவே என்னை ரெண்டு வார்த்தை திட்டவும் செய்வான். திட்டட்டும். ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, சைக்கிள்ல சாக்கைக் கட்டிக்கிட்டு ஆணி பொறுக்கினவன் நான். எனக்கு எவனும் எதையும் கையில எடுத்துக் கொடுக்கலை. எல்லாம் பேரம் பேசி வாங்கினது.

பேரத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. முதல்ல வாயைத் திறக்கிறவன் தோத்தான். இரும்பு விக்க வர்றவன், எவ்வளவு தருவீங்கன்னு கேட்பான். நான் பேசமாட்டேன். ஃபேனைப் பார்ப்பேன். காது குடைவேன். அவனே ஒரு தொகையைச் சொல்லி, அவனே அதைக் குறைச்சும் சொல்லிடுவான். இந்தக் கடையைக் கட்டினது இந்த வாய்தான், திறக்காத வாய்.

அதனாலதான் நான் அவன் வீட்டு வாசலுக்குப் போகமாட்டேன்னு சொல்றேன். அவன் பேரையும் சொல்லமாட்டேன். உங்க ஊர்ல ஃபைபர் படகு கட்டுறவன், மாதா கோயிலுக்குத் தெற்கே கீத்துக் கொட்டகை போட்டிருக்கிறவன். தெரியுதில்ல? தெரிஞ்சா போதும். பேர் எதுக்கு.

இங்க வாங்க. தார்ப்பாயைத் தூக்குறேன். பாருங்க. தொடாதீங்க.

இதுதான் வண்டி. மணல்ல ஓட்டுறதுக்குன்னே கட்டின வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது, ரெண்டே சீட்டு. பின்னாடி சக்கரத்தைப் பாருங்க, ஒவ்வொண்ணும் உரல் தண்டி. நிறத்தைப் பார்த்தீங்களா? நம்ம தேரி, அந்த மணல்மேட்டுக் காட்டு மண்ணேதான். உங்க கரை மணல் மாதிரி வெளுப்பு இல்லை, மிளகா வத்தலை அரைச்சுப் பூசின மாதிரி செவப்பு. இப்படிக் குனிஞ்சு பாருங்க, உங்க முகம் தெரியுதா? கோயம்புத்தூர் கண்காட்சியில கோப்பை வாங்கின வண்டி. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கூட தேரியில ஏறி இறங்கின வண்டி. கோப்பை வாங்கின மத்த வண்டியெல்லாம் கண்ணாடிக் கூண்டுல இருந்து இறங்கின பொம்மைங்க. லாரியில வந்து லாரியில போறதுங்க.

இப்ப இங்க பாருங்க. ஸ்டீயரிங்குக்கு முன்னாடி. கீறல் இல்லை அது, விரிசல். இந்த இடத்துல ஆரம்பிச்சு, இப்படி மேல ஏறி, வண்டியோட மூக்கு வரைக்கும் போயிடுச்சு. விரலை வச்சா நகம் உள்ள போகுது. இதுதான் அவன் கட்டின லட்சணம்.

ஏன் கட்டினேன்னு கேட்கிறீங்களா? கோயம்புத்தூர்ல ஜீப்பு ஓட்டுற கிளப்காரங்க ஒரு தடவை இந்தத் தேரிக்கு வந்தாங்க. பெரிய பெரிய ஜீப்பு. அவங்க தலைவர் சர்வோத்தமன், மில் வச்சிருக்கிறவர், கண்ணாடியும் தொப்பியுமா முன்னாடி போனார். முதல் மேட்டுலயே அச்சு வரைக்கும் புதைஞ்சு நின்னுட்டார். நான்தான் டிராக்டர் கொண்டுபோய் இழுத்தேன். இழுத்துக்கிட்டு இருக்கும்போதே அவர் கூட வந்தவர்கிட்ட சொல்றார், இந்த மண்ணுக்கு பக்கின்னு மணல் வண்டி வேணும், இவங்களுக்கு அதெல்லாம் கட்டத் தெரியாதுன்னு. எனக்குக் காது கேட்காதுன்னு நினைச்சாரோ, டிராக்டர் ஓட்டுறவனுக்குக் காதே கிடையாதுன்னு நினைச்சாரோ.

அன்னைக்கே ஆரம்பிச்சேன். பின்பக்கம் லாரி ஏறி நசுங்கின ஒரு சின்ன கார் நம்ம கடையில கிடந்தது. இஞ்சின் முன்னாடி, அதுல ஒரு சிராய்ப்பு இல்லை. அதை அப்படியே தூக்கிப் பின்னாடி வச்சேன். எடை பின்னாடி உட்கார்ந்தாத்தான் மணல்ல சக்கரம் கடிக்கும். இரும்புக் குழாயை வளைச்சு வண்டிச் சட்டம் கட்டினது நான். வெல்டிங் வச்சது நான். இந்தக் கையைப் பாருங்க, இந்தத் தழும்பு அப்போ வந்ததுதான். எலும்புக்கூடு முழுக்க என் கை.

அதுக்கு மேல போர்த்துற ஃபைபர் தோலுக்குத்தான் அவன்கிட்ட போனேன். என் வாழ்க்கையில நான் முதல்ல வாயைத் திறந்தது அன்னைக்குத்தான். அதுக்குத்தான் இந்த அனுபவிப்பு.

"ஓட்டுததுக்கா, காட்டுததுக்கா அண்ணாச்சி?"ன்னு கேட்டான்.

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்னா ரெண்டு வண்டில்லா கட்டணும்."

"ஏன் வே, நீரு கட்டுத படகைத் திருவிழாவுக்குக் கண்ணாடி மாதிரி நிறுத்துதீரே, மறுநா விடியல்ல அதுல மீன் ஏத்தலையா?"

அவன் கையைத் துடைச்சுக்கிட்டே என்னைப் பார்த்தான். "பழைய இரும்புக்காரருக்கு மூளை இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது"ன்னான். எல்லாம் அந்தத் திமிர்தான். எனக்கு அன்னைக்கு அது பிடிச்சிருந்தது, அதை ஏன் மறைக்கணும்.

கூலி பேசப் போனேன். "அதெல்லாம் வேண்டாம், ஓடும்போது என்னைப் பக்கத்துல ஏத்தும், போதும்"னான். அங்கேதான் நான் ஏமாந்தது. கூலி வேண்டாம்னு சொல்றவன் வேற எதையோ எடுக்கப்போறான்னு அர்த்தம். இத்தனை வருஷ வியாபாரத்துல இது தெரியாமப் போச்சு எனக்கு.

நிறத்துக்கு மட்டும் எத்தனை சண்டை. தேரி மண்ணை ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் அவன் மேசையில கொட்டினேன். அவன் ஓட்டுத் துண்டு ஒண்ணுல ஒரு செவப்பைக் கலந்து தேய்ச்சான். இது குங்குமம்னேன். இன்னொண்ணு தேய்ச்சான். இது செங்கல்னேன். "உமக்கு வேண்டியது மண்ணு, நீரு போய் மண்ணையே பூசிக்கிடும்"னு கத்திட்டு, மறுநாள் அவனே கலந்து வச்சிருந்தான். மண்ணை அது மேல தூவினா எங்க மண்ணு, எங்க பூச்சுன்னு தெரியலை. அவன் கைக்கு அது தெரியும். நான் இல்லைன்னு சொல்லலை.

ஃபைபர் பாய் மூணு அடுக்கு போதும்னு நான் பேசினேன். "உசுருக்குப் பேரம் பேசாதீரும்"னு சொல்லி நாலு போட்டான்.

சரி. இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஃபைபர் பாய் விரிச்ச அச்சுல இருந்து வண்டிக் கூட்டை எடுக்கிற அன்னைக்கு என்னையும் கூப்பிட்டான். ரெண்டு பேருமா ஆப்பு அடிச்சு, தண்ணி ஊத்தி, மெதுவா அசைச்சு அசைச்சுத் தூக்குறோம். வெளிய வருது தம்பி, என்ன சொல்ல, பிறந்த பிள்ளை மாதிரி வழவழன்னு வருது. திருப்பிப் போட்டுப் பார்த்தா ஸ்டீயரிங்குக்கு முன்னாடி, நட்ட நடுவுல, ஒரு சின்ன நங்கூரமும் அவன் பேரும். வெள்ளையில.

மேல எழுதினது இல்லை. படகு கட்டுறவங்க பழக்கம் உங்களுக்குத் தெரியுமே, அச்சுக்குள்ள முதல் பூச்சுக்கு முன்னாடியே எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதிடுவாங்க. கூடு வெளிய வரும்போது எழுத்து நேரா வரும். சுரண்டினாலும் போகாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை.

"என்ன வே இது?"

"நான் கட்டுத எல்லாத்துலயும் இருக்கும் அண்ணாச்சி. கூலிக்குப் பதிலா வச்சுக்கிடும்."

நான் சிரிச்சேன். உள்ளே எரியுது, வெளிய சிரிச்சேன். வேலை முடியாம எதிராளிகிட்ட முகத்தைக் காட்டக்கூடாது.

வண்டியைத் தேரிக்குக் கொண்டுபோனோம். டயர்ல காத்தைப் பாதி இறக்கிவிட்டு ஏறினோம். அவன் பக்கத்துல. எங்க சித்தப்பாவோட முந்திரித் தோப்பு தாண்டி ஒரு மேடு இருக்கு, டிராக்டரே திணறும். அதுல வண்டி ஏறுது, பாம்பு சுவர்ல ஏறுற மாதிரி. உச்சியில ஒரு நொடி முன்சக்கரம் ரெண்டும் ஆகாசத்துல. அவன் சிலுவை போட்டுக்கிட்டான். அந்தப் பக்கம் இறங்கி நின்னதும் ரெண்டு பேர் வாயிலயும் மண்ணு. அவன் துப்பிட்டு, "இன்னொரு தரம்"னான்.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான். ஓட்டிட்டு வந்ததும் கடைக்குப் பின்னாடி நிறுத்தி நல்ல தண்ணியில கழுவுவோம். மண்ணு காயிறதுக்குள்ள கழுவணும்னு அவன் சட்டம். பல் விளக்குற பிரஷ் வச்சு ஒவ்வொரு இடுக்கா எடுப்போம். எங்க வீட்டுல அவளுக்கு ஒரே சிரிப்பு. "எனக்கு ஒரு நாள் பாத்திரம் கழுவிக் கொடுத்திருப்பீங்களா"ன்னு கேட்பா. கொடுக்கலை. அது வேற விஷயம்.

ஆனா பார்க்க வந்தவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? நேரா மூக்குக்கு வருவாங்க. தடவுவாங்க. செவப்பைப் பார்த்து வாயைப் பிளப்பாங்க. அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, அந்தப் பேரை வாசிப்பாங்க. வாசிச்சுட்டு அவன் பக்கம் திரும்புவாங்க. "இதை நீங்கதான் கட்டினீங்களா?" ஒருத்தன், ஒரே ஒருத்தன், குனிஞ்சு குழாயைப் பார்க்கலை. என் வெல்டிங்கைப் பார்க்கலை. என் எலும்பு மேல அவன் போட்ட தோலுக்கு அவன் பேரு. நான் யாரு? வண்டிக்குச் சொந்தக்காரன். டிராக்டர் ஓட்டுறவன்.

அவன் மறுக்கலைன்னு சொல்லமுடியாது. "சட்டம் முழுக்க அண்ணாச்சி கை"ன்னு சொல்லுவான்தான். ஆனா அவன் சொல்லி அடுத்தவன் கேட்கணுமா? அவன் கொடுத்து நான் வாங்கணுமா?

கோயம்புத்தூர்க்காரங்க நடத்துற வண்டிக் கண்காட்சிக்கு எழுதிப் போட்டோம், கூப்பிட்டாங்க. போறதுக்கு முந்தி திருச்செந்தூர்ல கொடுத்து ஒரு பித்தளைத் தகடு செதுக்கி வாங்கினேன். 'வடிவமைப்பும் உருவாக்கமும்: க. சுயம்பு, உடன்குடி.' பாருங்க, இதுதான். அவன் பேர் எங்க இருக்குன்னு கேட்கிறீங்களா? அது தகட்டுக்கு அடியில இருக்கு. தகட்டோட அளவு அப்படி அமைஞ்சு போச்சு. நாலு மூலைக்கு நாலு ஸ்க்ரூ. துளை போட்டு, அசையாம இருக்கணுமேன்னு நல்லா இறுக்கினேன். ஒரு ஸ்க்ரூ அவன் பேரோட கடைசி எழுத்துல இறங்கிடுச்சு. வேணும்னு செய்யலை. மூலை அங்கே வருது, நான் என்ன செய்ய.

அவன் எங்கூடத்தான் கோயம்புத்தூர் வந்தான். புதுச் சட்டை. திருவிழாச் சட்டை எடுத்தேன்னான். அங்கே போய் மைதானத்துல வண்டியை இறக்கி, தார்ப்பாயை எடுத்தேன். பார்த்தான். நான் சண்டைக்குத் தயாரா நின்னேன், வாயில எல்லாம் வச்சிருந்தேன், சட்டம் யார் கட்டினது, இஞ்சின் யார் கொண்டுவந்ததுன்னு. ஆனா அவன் தகட்டை விரலால தொட்டுப் பார்த்தான்.

"துளையைக் கொஞ்சம் தொளதொளன்னு போட்டு, வாஷர் வச்சீரா?"

"ஒரு பேர்ப்பலகைக்கு எதுக்கு வே வாஷரு?"

"சரி"ன்னான். வண்டி துடைக்கிற துணியை மடிச்சு சீட்டு மேல வச்சான். பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்னு காவலாளிகிட்ட கேட்டுட்டுப் போயிட்டான்.

திட்டிட்டுப் போயிருக்கலாம்ல? ஒரு அடி அடிச்சிருக்கலாம். ஆம்பளைங்க அப்படித்தான் தீர்த்துக்குவாங்க. துணியை மடிச்சு வச்சுட்டுப் போறது என்ன பழக்கம்? இதைத்தான் துரோகம்னு சொல்றேன்.

அன்னைக்கு சாயங்காலம் கோப்பை கொடுத்தாங்க. அதே சர்வோத்தமன் கையால. மைக்ல சொல்றாங்க, சுயம்பு அவர்கள் தனி ஒருவராகத் தன் கையால் கட்டிய வண்டின்னு. நான் ஒண்ணும் அப்படிச் சொல்லிக் கொடுக்கலை, தகட்டைப் பார்த்து அவங்களா வாசிச்சாங்க. மைக்ல பேசிக்கிட்டிருக்கிறவரை நடுவுல நிறுத்துறது மரியாதையா? நீங்களே சொல்லுங்க.

ஊருக்கு வந்து அடுத்த ஞாயிறு தனியாத்தான் தேரிக்குப் போனேன். அந்தப் பெரிய மேட்டுல ஏறி இறங்கினதும் டப்புன்னு ஒரு சத்தம். பார்த்தா, ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுத்தியும் நட்சத்திரம் மாதிரி பொடிப் பொடி விரிசல். அதுக்குப் பிறகு ஓட்ட ஓட்ட நாலும் ஒண்ணாச் சேர்ந்து இந்தா இப்படி மூக்குக்குப் போயிருச்சு. நாலு அடுக்குப் போட்ட ஃபைபர். உசுருக்குப் பேரம் பேசாதேன்னு சொன்னவன் போட்ட ஃபைபர். ஒரு தகட்டைத் தாங்கலை.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? ஸ்க்ரூவால வந்ததுன்னு நினைக்கிறீங்க. எங்க வீட்டுலயும் அதைத்தான் சொல்றா. படகுல நீங்க ஸ்க்ரூ போடுறதே இல்லையா? அது வாஷர் வச்சா? சரி, விடுங்க.

இப்ப என்ன அவசரம்னா, தை பிறந்ததும் கோயம்புத்தூர்க்காரங்க எல்லாரும் இங்கே வர்றாங்க. அத்தனை ஜீப்பும். சர்வோத்தமன் போன்ல சொல்றார், சுயம்பு சார், நீங்க முன்னாடி போங்க, நாங்க உங்க தடத்துலயே வர்றோம்னு. சார்னு சொல்றார் தம்பி. புதைஞ்சு கிடந்து என்னைக் கேவலமாப் பேசின அதே மண்ணுல என் வண்டி முன்னாடி போகணும், அவர் பின்னாடி வரணும். இந்த மூக்கோட ஏறினா முதல் மேட்டுலயே கூடு ரெண்டாப் பிளந்து அவர் ஜீப்பு முன்னாடியே விழும். ஏறாம நிறுத்தி வச்சா, காட்சிக்கு வச்ச பொம்மைன்னு சிரிப்பாங்க. இதுக்கு அது தேவலைன்னு எதையும் சொல்லமுடியாது.

தூத்துக்குடியில இருந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து ஒட்டிப் பார்த்தேன். குங்குமத்தைக் கொண்டுவந்து அப்பினான். ஒரே ஓட்டத்துல அதுவும் பிளந்துது. உரிச்சு எறிஞ்சுட்டேன். அந்தச் செவப்பைக் கலக்கிறது இவன் ஒருத்தன்தான்.

ஆள் அனுப்பாம இல்லை. முதல்ல மீன் வண்டிக்காரர்கிட்ட சொல்லி அனுப்பினேன். "ஸ்க்ரூவைக் கழட்டச் சொல்லும், வர்றேன்"னு பதில் வந்தது. உங்க ஊர் மாதா கோயில் வேலையைப் பார்க்கிற கோயில்பிள்ளையை அனுப்பினேன், பெரிய மனுஷன் சொன்னா கேட்பான்னு. அவர்கிட்ட என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "அந்தத் தகடு இருக்குத வரைக்கும் அது என் வண்டி இல்லை. என் வண்டி இல்லாததுல நான் எதுக்குக் கை வைக்கணும்?" கேட்டீங்களா? அவன் வண்டியாம். கோயில்பிள்ளை வேற, "நியாயமாத்தான் தெரியுது சுயம்பு"ன்னு சொல்லிட்டு என் கடையிலயே டீ குடிச்சுட்டுப் போறார்.

எங்க வீட்டுல, "நாலு ஸ்க்ரூ கழட்ட உங்களுக்கு இத்தனை மாசமா"ங்கிறா. அவளுக்கு என்ன தெரியும். இன்னைக்கு ஸ்க்ரூவைக் கழட்டினா, நாளைக்குக் கடை போர்டைக் கழட்டச் சொல்லுவான் ஒருத்தன்.

இப்ப நீங்க போறீங்கல்ல ஊருக்கு. நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க, கூட்டாமக் குறைக்காம. அவன் பேர் அவனுக்கு வேணும்னா சீட்டுக்கு அடியில எழுதிக்கட்டும். நான் தடுக்கலை. எவ்வளவு பெருசா வேணும்னாலும்.

ஏன் தலையை ஆட்டுறீங்க? நீங்க அவனுக்கு வக்கீலா?

சரி, சீட்டுக்கு அடியில வேண்டாம். பின்னாடி, இஞ்சினுக்கு மேல. நின்னா எல்லாருக்கும் தெரியும். பின்னாடி வர்ற ஜீப்புக்காரன் வழி முழுக்க அவன் பேரைத்தான் பார்த்துக்கிட்டு வரணும், யோசிச்சுப் பாருங்க. முன்னாடி என் தகடு, பின்னாடி அவன் பேரு. இதுக்கு மேல எவன் இறங்குவான்?

இன்னும் பேசாம இருக்கீங்க. நல்லாப் பழகியிருக்கீங்க பேரம்.

சரி தம்பி. கடைசியாச் சொல்றேன், இதுக்கு மேல ஒரு சொல்லு கிடையாது. தகட்டைக் கழட்டலாம். கழட்டலாம்னுதான் சொன்னேன், நான் கழட்டுவேன்னு சொல்லலை. இந்தக் கை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாது. அவன் போட்ட ஃபைபர், அவன் வரட்டும். அவன் கையால நாலையும் கழட்டட்டும். அந்தக் கடைசி எழுத்துல விழுந்த துளையை அவனே அடைச்சு, எழுத்தைச் சரியா எழுதட்டும், பாதி எழுத்தோட நிக்கிற வண்டியை நான் எவன் முன்னாடியும் ஓட்டமாட்டேன். தகட்டை எங்க வைக்கணுமோ அங்க வாஷர் போட்டு அவனே வைக்கட்டும், சட்டத்துல, குழாய் மேல, என் வெல்டிங் இருக்கிற இடத்துல. அப்புறம் மூக்கை ஒட்டி, அந்தச் செவப்பைக் கலந்து பூசி, என் வண்டியை எப்படிக் கொடுத்தானோ அப்படிக் கொண்டுவந்து நிறுத்தணும். செஞ்ச தப்புக்கு அவன்தான் வந்து சரிபண்ணணும், நான் போகமாட்டேன். தைக்கு முந்தி வரணும். தேரியில ஏறும்போது பக்கத்து சீட்டுல வந்து உட்காரவும் செய்யணும், பேசின கூலி அது, வாங்காமப் போனா நான் கடன்காரன் ஆயிடுவேன். வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க. வரச் சொல்லுங்க.